சாப்பிடாமல் வரச் சொன்ன கிளினிக்: வடகொழும்பில் ஒரு மக்கள் சுகாதாரக் குழு

கொழும்பில் ஒருவருக்குத் தலைசுற்று என்றால் அவர் பஸ் ஏறித் தேசிய வைத்தியசாலையின் ஓ.பி.டி. வரிசையில் போய் நிற்பார். அதற்கு நேரமில்லாதவர் சந்தியில் இருக்கும் தனியார் டொக்டருக்குக் காசு கொடுப்பார். பக்கத்துத் தெருவில் மாநகர சபையின் இலவச மருந்தகம் ஒன்று இருப்பது பலருக்கு நினைவுக்கே வராது. ஹட்டனிலோ கிளிநொச்சியிலோ இருப்பவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு பிரதேச வைத்தியசாலையாவது இருக்கிறது. தலைநகருக்குள் அந்த நடு அடுக்கு மெல்லியது. மாநகர மருந்தகங்களும் தாய் சேய் கிளினிக்குகளும்தான் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன.

இந்த ஆய்வு அப்படியொரு கிளினிக்கையும், அதைச் சுற்றியிருக்கும் ஒரு தோட்டத்து (கொழும்பில் நெருக்கமான ஏழைக் குடியிருப்பைத் தோட்டம் என்பார்கள்) மக்களையும் பற்றியது. இடம் கொட்டாஞ்சேனைக்கும் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட பகுதி. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்க்கிறேன். தோட்டத்துப் பெண்கள் நடத்தும் சுகாதாரக் குழுவின் கூட்டங்களில் குறிப்பு எடுப்பதும், சிங்களத்தில் கடிதம் எழுத வேண்டி வந்தால் எழுதிக் கொடுப்பதும் என் வேலையாக இருந்தது. ஆகவே வெளியாள் போல நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொல்லப் போவதில்லை.

பழைய கதை கொஞ்சம்

மக்களைச் சேர்த்துக்கொண்டு சுகாதாரத்தைக் கவனிப்பது கொழும்புக்குப் புது விஷயம் அல்ல. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதல் சுகாதார அலகு தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் என்று நாம் இன்று காணும் அமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. கொழும்பு மாநகர எல்லைக்குள் இந்த வேலையைச் சபையின் சொந்தப் பொதுச் சுகாதாரத் திணைக்களம் செய்து வருகிறது.

1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரத்தில் மக்களுக்கும் பங்கு வேண்டும் என்று பிரகடனம் செய்தன. அதே காலத்தில் இங்கே யுனிசெஃப் உதவியுடன் கொழும்பின் சேரி, தோட்டக் குடியிருப்புகளில் ஒரு திட்டம் ஆரம்பமானது. குடியிருப்புதோறும் சமூக அபிவிருத்தி மன்றங்கள் அமைக்கப்பட்டன. மக்களிடையே போய் வேலை செய்ய ‘ஹெல்த் வோர்டன்’ என்ற களப்பணியாளர்களை மாநகர சபை அமர்த்தியது. பொதுக் குழாய் எங்கே வர வேண்டும், பொது மலசலகூடம் எத்தனை வேண்டும், யார் கழுவுவது என்பதையெல்லாம் மன்றக் கூட்டத்தில் பேசினார்கள். எண்பதுகளில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, சிறு கட்டுமான வேலைகளை மன்றமே ஒப்பந்தம் எடுத்துச் செய்த இடங்களும் உண்டு.

அப்புறம் அது மெல்லத் தேய்ந்தது. பல தோட்டங்களில் மன்றம் என்பது ஒரு றப்பர் முத்திரையும் தலைவர் ஒருவரும் மட்டுமே. ஆனால் ஒரு விஷயம் பழையவர்களின் பேச்சில் நிற்கிறது. அன்று மன்றத்துக்குக் குழாய் எங்கே வரும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தது. அதனால்தான் ஆட்கள் கூட்டத்துக்கு வந்தார்கள்.

பூட்டிய தெருக்களில் பிறந்த பட்டியல்

இந்தக் குழு யாரும் திட்டமிட்டு அமைத்தது அல்ல. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் கொத்தணி கண்டுபிடிக்கப்பட்டதும், முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் என்று வடகொழும்பு முழுக்க வாரக்கணக்கில் பூட்டப்பட்டது. உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருந்து உத்தியோகத்தர்கள் உள்ளே வருவதும் கஷ்டம். அந்த நாட்களில் தோட்டத்துப் பெண்கள் சிலர், பிள்ளைகளின் பாடக் கொப்பி ஒன்றில் பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். யாருக்கு இன்சுலின் முடிகிறது, யார் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்று வரிசையாக எழுதினார்கள்.

கிளினிக் மருந்துகளைத் தபாலிலும் வீட்டுக்கும் அனுப்பும் ஏற்பாடு அப்போது நாடளாவிய ரீதியில் இருந்தது. ஆனால் கொழும்புத் தோட்டத்துக்கு மருந்துப் பொதி வந்தால் அது யாருடையது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஒரே விலாச இலக்கத்தில் ஏழெட்டு வீடு, ஒரே பெயரில் மூன்று பேர். குடும்பநல உத்தியோகத்தர் (தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’) இந்தப் பெண்களுக்குப் போன் எடுத்துத்தான் ஆளைப் பிடித்தார். பரிசோதகரும் அப்படியே.

தெருக்கள் திறந்த பிறகும் கொப்பி இருந்தது. அதைத் தூக்கிப் போட அவர்களுக்கு மனமில்லை. தாய்மார் ஆதரவுக் குழு என்ற பெயரில் ஏற்கெனவே சுகாதாரத் துறையின் ஏற்பாடு ஒன்று இருந்ததால், மிஸ் அதையே காரணமாகக் காட்டி அவர்களை மாதம் ஒரு தடவை கிளினிக்கின் பின்பக்கத்து அறையில் கூட்டினார். அதிகாரபூர்வமாகப் பார்த்தால் அது போஷாக்குப் பற்றிப் பேசும் தாய்மார் கூட்டம். நடந்ததோ வேறு.

ஆண்கள் ஏன் வரவில்லை

இலங்கையில் இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் தொற்றா நோய்களால் இறக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய், நெஞ்சு நோய். இவற்றை முன்கூட்டியே பிடிப்பதற்காக 2011 முதல் நாடு முழுக்க ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் திறக்கப்பட்டன. உயரம், நிறை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் சீனி ஆகியவற்றைப் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பை ஒரு வர்ண அட்டவணையில் கணித்துச் சொல்வார்கள். எல்லாம் இலவசம். ஆரம்பத்திலிருந்தே இந்த நிலையங்களுக்கு ஒரு நோய் உண்டு: பெண்கள் வருவார்கள், ஆண்கள் வர மாட்டார்கள்.

நமது கிளினிக்கிலும் அதே நிலைமைதான். வைத்தியர் இதற்குச் சொன்ன காரணம் அக்கறையின்மை. குடி, புகை, பொறுப்பில்லாமை என்று கொஞ்சம் பிரசங்கமும் நடந்தது. கூட்டத்தில் இருந்த ஓர் அக்கா எழுந்து, “என்ட மனுசன் ரெண்டு மணிக்கு எழும்பி வேலைக்குப் போறார் டொக்டர். உங்கட கிளினிக் எட்டரைக்கு. சாப்பிடாம வரச் சொல்றீங்க. மூட்டை தூக்குற ஆள் எப்பிடிச் சாப்பிடாம இருக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் இந்த ஆய்வின் விஷயம் முழுதும் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தத் தோட்டத்து ஆண்களில் கணிசமானோர் நாட்டாமை வேலை, அதாவது சுமை தூக்கும் வேலை செய்பவர்கள். முன்பு புறக்கோட்டை மெனிங் சந்தையில் மூட்டை தூக்கியவர்கள், 2020இன் இறுதியில் சந்தை பேலியகொடைக்கு மாறியதிலிருந்து அங்கே போகிறார்கள். மரக்கறி லொறிகள் நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் இரவில் வரும். நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வேலை சூடு பிடிக்கும். விடியற்காலையில் தேநீரும் பணிசும், ஆறு மணி வாக்கில் சோறோ கொத்தோ. காலை எட்டரைக்கு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டு, உடல் நோவோடு தூங்கப் போகும் மனிதர். எட்டு மணித்தியாலம் பட்டினி கிடந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்ற விதி அலுவலகத்தில் வேலை செய்பவருக்குப் பொருந்தும். இவருக்குப் பொருந்தாது.

வைத்தியர் நல்ல மனுஷி. உடனே ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் யோசித்தார். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்பது கணக்கு. சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் 200ஐத் தாண்டினால் அது சாதாரண விஷயம் அல்ல. ஆகவே முதலில் சாப்பிட்ட நிலையிலேயே விரலில் குத்திப் பார்ப்போம், சந்தேகமானவர்களை மட்டும் அவரவர் வேலையில்லாத நாளில் வெறும் வயிற்றோடு மறுபடி அழைப்போம் என்று முடிவானது. பிரஷருக்கு எப்படியும் பட்டினி தேவையில்லை. இடமும் மாறியது: கிளினிக் கட்டிடம் அல்ல, தோட்டத்தின் வாயிலில் இருக்கும் கோயில் மண்டபம். நேரம் பின்னேரம் நாலு மணி. தூங்கி எழுந்து, குளித்து, தேநீர் குடித்துவிட்டு, அடுத்த இரவு வேலைக்குப் போகும் வரை ஆண்கள் சும்மா வாயிலில் நின்று கதைக்கும் நேரம் அதுதான். இதை வைத்தியரோ மிஸ்ஸோ தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பெண்களுக்குத் தெரியும்.

முதல் நாள் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தாதி ஒருவர் முதலில் வந்தவரின் சுட்டுவிரல் நுனியில் ஊசியைக் குத்தினார். இரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினார், வரவில்லை. வருடக்கணக்காகச் சாக்கும் கயிறும் இழுத்த விரல், தோல் செருப்பு மாதிரித் தடித்துப் போயிருந்தது. பின்னால் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். “மிஸ், அவருக்கு ஊசி போதாது, சாக்கு ஊசி வேணும்” என்று ஒருவர் கத்தினார். கடைசியில் கையை வெந்நீரில் கொஞ்சம் வைத்துத் துடைத்து, மோதிர விரலின் நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்தியதும் ஒரு துளி வந்தது. அதன் பிறகு எல்லோருக்கும் மோதிர விரலின் பக்கவாட்டில்தான். வெந்நீர்க் கோப்பை ஒன்றும் மேசையில் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. இந்த நுணுக்கம் தாதிமார் படிக்கும்போதே சொல்லித் தருவதுதான். ஆனால் வழமையாக வரும் பெண்களின் விரல்களில் அது தேவைப்படவே இல்லை.

சிரித்து நின்றவர்களில் சிலர் அன்றைக்கு மௌனமாகத்தான் வீடு போனார்கள். இருநூறு என்ன, அதைவிட எவ்வளவோ மேலே காட்டியது மீட்டர். தங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

கண்டுபிடித்த பிறகு

பரிசோதனை முகாம் நடத்திப் படம் எடுத்துப் போடுவது எல்லோராலும் முடியும். வங்கிகள் செய்கின்றன, சங்கங்கள் செய்கின்றன, தேர்தல் வந்தால் கட்சிகளும் செய்கின்றன. கண்டுபிடிக்கப்பட்டவர் ஆறு மாதம் கழித்து மருந்து குடிக்கிறாரா என்று கேட்பதற்குத்தான் ஆள் கிடைக்காது.

இங்கே அந்தக் கொப்பி மறுபடி வேலைக்கு வந்தது. வைத்தியர் யாருடைய அளவையும் குழுவுக்குச் சொல்வதில்லை, அது சரியானதும்கூட. ஆனால் “இன்னாருக்கு அடுத்த கிளினிக் இந்தத் திகதி” என்பதை, அந்த ஆளின் சம்மதத்தோடு, மிஸ் குழுவிடம் சொல்லலாம் என்று ஏற்பாடானது. சம்மதிக்காதவர்களும் இருந்தார்கள். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் சீனி வருத்தம் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவர்களின் பயம். அவர்களைக் கொப்பியில் எழுதவில்லை.

கொப்பியில் திகதி தவறியவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. இரண்டு புள்ளி விழுந்தால் பக்கத்து வீட்டு அக்கா போய்க் கதவைத் தட்டுவார். காரணங்கள் வேடிக்கையாக இருக்கும், கவலையாகவும் இருக்கும். ஒருவர் மருந்து குடித்ததும் சுகம் வந்துவிட்டது என்று நிறுத்தியிருந்தார். இன்னொருவருக்கு மெட்போமின் என்ற சீனி வருத்த மருந்து வயிற்றைக் கலக்கியது. சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும் என்பது உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாது.

சிங்களமும் தமிழும் ஆட்சி மொழிகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. வடகொழும்பில் தமிழ் பேசும் ஆட்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இருந்தும் மருந்து உறைக்கு மட்டும் அது எட்டவில்லை. குழு இதற்குக் காத்திருக்கவில்லை. மருந்து கொடுக்கும் நாளில் இரண்டு பெண்கள் வாங்கில் பேனாவோடு உட்கார்ந்து, உறையைக் கேட்டு வாங்கி, தமிழில் ‘காலை’, ‘இரவு’, ‘சாப்பிட்ட பிறகு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியனும் பிறையும். மருந்தாளருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. தன் வேலையில் தலையிடுகிறார்கள் என்று நினைத்தார். பிறகு அவரே ஒரு ‘காலை’ எழுதிப் பழகினார். கோணல் எழுத்துத்தான், ஆனாலும் படிக்கலாம்.

2022இல் டொலர் இல்லாமல் மருந்து வராமல் போன மாதங்களில் கொப்பி நிறையப் புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளிகளுக்குக் கதவைத் தட்டி என்ன பயன்? மருந்தகத்தில் மருந்தே இல்லை. வெளியே வாங்கக் காசு இல்லை. பெண்கள் தங்களுக்குள் வில்லைகளைப் பகிரத் தொடங்கினார்கள். ஒருவரின் பிரஷர் மருந்தை இன்னொருவர் குடித்தார். வைத்தியருக்குத் தெரிந்ததும் சரியான ஏச்சு. ஆனால் ஏசிவிட்டு விடவில்லை. யாருக்கு ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது, யாருக்குச் சமாளிக்கலாம் என்று பட்டியலைப் பிரித்து, இருந்த கொஞ்சத்தை அந்த வரிசையில் கொடுத்தார். பட்டியல் இல்லாவிட்டால் முதலில் வந்தவருக்கே போயிருக்கும். மக்கள் குழு மருந்தை உற்பத்தி செய்யாது. ஒரு நாட்டின் கஜானா காலியானால் அதை எந்தத் தாய்மார் குழுவும் நிரப்பாது. அதையும் சேர்த்துச் சொல்லாமல் சமூகப் பங்கேற்பைப் புகழ்வது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

புதிதாக வந்தவர்கள்

குழுவின் மிகப் பெரிய பலன் என்று நான் நினைப்பது முகாமும் அல்ல, மருந்தும் அல்ல. வாடகைக்கு வருபவர்களைப் பற்றியது.

மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணக்கு. அவரிடம் ஒரு பதிவேடு இருக்கும். புதுமணத் தம்பதி, கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் குடும்பம் எல்லாம் அதில் வர வேண்டும். கர்ப்பிணியை எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது இலக்கு. இலங்கை இந்த விஷயத்தில் பெரும்பாலும் கெட்டிக்காரத்தனமாகவே நடந்து வருகிறது. ஆனால் கொழும்புத் தோட்டத்தில் ஆட்கள் நிலைத்து நிற்பதில்லை. பதுளையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வந்து கடையில் வேலை எடுத்து, மேல் மாடியில் ஓர் அறை பிடித்துக் குடும்பம் நடத்துகிறார்கள். முற்பணம் முடிந்ததும் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். இவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை, கிராம உத்தியோகத்தர் தெரியாது. அந்தப் பெண் கர்ப்பமானால் முதல் தடவை கிளினிக்குக்கு வருவது வயிறு வெளியே தெரிந்த பிறகுதான். கர்ப்பிணி அட்டை ஊரில் இருக்கும், இல்லாவிட்டால் அட்டையே இருக்காது.

மிஸ்ஸுக்கு இது மாதக்கணக்கில் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ புதுக் குடும்பம் வந்த அன்று பின்னேரமே தெரியும். குழாயடியில் புது வாளி ஒன்று வரிசையில் நிற்கும். குழுவில் ஒரு தீர்மானம் எடுத்தார்கள்: புது வாளி கண்டால் மிஸ்ஸுக்குச் சொல்வது. அவ்வளவுதான். போனில் ஒரு மெசேஜ். மிஸ் அடுத்த சுற்றில் அந்த வீட்டுக்குப் போவார். கர்ப்பத்தை மறைத்து வைத்திருந்த ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைக்கூட இப்படித்தான் நேரத்தோடு கண்டுகொண்டார்கள். அந்த விஷயத்தில் குழுப் பெண்கள் வாயைத் திறக்கவில்லை என்பதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன், ஏனென்றால் தோட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பது லேசான காரியம் அல்ல.

35 வயதுப் பெண்களுக்கான நலன் கிளினிக் விஷயமும் இதோடு வரும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக 1996 முதல் நாட்டில் நடக்கும் சேவை. இங்கே ஆட்கள் குறைவு. காரணத்தைக் குழு ஒரே கூட்டத்தில் சொல்லிவிட்டது: பரிசோதனை அறையின் கதவு திறந்தால் நேரே மருந்து வரிசை தெரியும். ஒரு திரைச்சீலை தைத்துப் போட்டார்கள். வருகை கூடியது.

நுளம்பும் வழக்கும்

டெங்கு வேலையில்தான் குழு தடுமாறியது. 2017இல் நாட்டில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான பிறகு, மழை தொடங்கினாலே பரிசோதகர்கள் வீடு வீடாக வருகிறார்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின்படி வழக்கும் போடலாம். காலையில் ‘உங்கள் பங்களிப்பு வேண்டும்’ என்று கூட்டத்தில் பேசியவர், பின்னேரம் வழக்குத் துண்டோடு வாசலில் நின்றால் யார் கதவு திறப்பார்?

தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் எல்லா நேரமும் வராது. பீப்பாயில் பிடித்து வைக்கிறார்கள், அங்கே நுளம்பு முட்டையிடுகிறது. பீப்பாய்க்கு வழக்குப் போடுபவர்கள், சபையின் வடிகாண் அடைத்து நிற்பதற்கு யாரிடம் வழக்குப் போடுவது என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. கடைசியில் ஒரு பேரம் படிந்தது. பீப்பாய்களுக்கு மூடி போடுவதும், வாரம் ஒரு முறை உரஞ்சிக் கழுவுவதும் குழுவின் பொறுப்பு. வடிகாணை இன்ன நாளுக்குள் சுத்தம் செய்வது சபையின் பொறுப்பு. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, பரிசோதகரும் கையெழுத்துப் போட்டார். அந்த மழைக்காலம் அது நடந்தது. அடுத்த வருடம் பரிசோதகர் இடமாற்றத்தில் போனார், தாள் மட்டும் மிஞ்சியது.

எங்கே உடைந்தது

குழு நன்றாக நடக்கிறது என்ற செய்தி பரவியதும் உள்ளூர் அரசியல் ஆள் ஒருவர் ‘ஆலோசகராக’ வந்து உட்கார்ந்தார். முகாமில் அவர் படம் போட்ட பதாகை தொங்கியது. எதிர்க் கட்சிக்கு வாக்களிக்கும் வரிசை வீடுகள் அன்றோடு வருவதை நிறுத்தின. பதாகையைக் கழற்ற எவ்வளவோ பேச்சு. கடைசியில் கோயில் தர்மகர்த்தா, மண்டபத்தில் எந்தக் கட்சிப் பதாகையும் கட்டக் கூடாது என்று பொதுவாக ஓர் அறிவித்தல் ஒட்டி வைத்தார். சண்டை இல்லாமல் முடிந்தது. ஆனால் நின்று போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இன்னொரு உடைவு மெதுவாக வந்தது. இந்த வேலை முழுக்கப் பெண்களின் தலையில். வீட்டு வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைக் கவனித்து, அப்புறம் கொப்பியோடு கதவு தட்டுவது. போன் ரீலோட்டுக்குக்கூட யாரும் ஐந்து சதம் கொடுப்பதில்லை. ‘சேவை’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும் காரணம் இதுதான். அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்குபவர்கள். தொடங்கியவர்களில் இரண்டு பேர் சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

தோட்டத்தின் ஒரு பகுதி அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டது மூன்றாவது அடி. சுவர், கழிவறை, தண்ணீர் எல்லாம் முன்பைவிட நல்லது, மறுக்க முடியாது. ஆனால் எட்டாம் மாடியில் கதவைச் சாத்தினால் பக்கத்தில் யார் என்று தெரியாது. குழாயடி இல்லை, ஆகவே புது வாளியும் இல்லை. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் பக்கவாதம் வந்தவர் கீழே இறங்கவே மாட்டார். ஒரு மாடிக்கு ஒரு பெண் என்று பொறுப்புப் பிரித்துப் பார்க்கிறார்கள். பாதி மாடிகளுக்கு ஆள் கிடைத்திருக்கிறது.

மேலிருந்து வரும் குழுக்கள்

2018இல் உலக வங்கியின் 20 கோடி டொலர் கடனில் ஆரம்ப சுகாதாரத்தை வலுப்படுத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. ஒவ்வொரு சிகிச்சை நிலையத்துக்கும் ‘நிலையத்தின் நண்பர்கள்’ என்ற வகையில் மக்கள் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். நல்ல யோசனை. ஆனால் இப்படியான குழுக்களை நான் பார்த்த வரையில், கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் எப்போதும் ஒரே மாதிரி: கட்டிடத்துக்கு வர்ணம், வாங்கு, நீர்த்தாங்கி, நன்கொடையாளர். பணக்கார வர்த்தகர் ஒருவர் தலைவர். கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், மருந்து உறையில் எந்த மொழி, பதிவேட்டில் யார் என்ற கேள்விகள் வருவதில்லை. வந்தால் ‘அது நிர்வாக விஷயம்’ என்பார்கள். நாட்டாமை வேலைக்காரரின் மனைவி கேட்டது நிர்வாக விஷயம்தான். அதைக் கேட்க அனுமதித்ததால்தான் ஆண்கள் வந்தார்கள். வைத்தியர் கொஞ்சம் விட்டுக்கொடுக்காத ஆளாக இருந்திருந்தால் இந்த ஆய்வை எழுதவே தேவை இருந்திருக்காது. ஒரு வைத்தியரின் நல்ல மனதில் இப்படி எல்லாம் தொங்கிக்கொண்டிருப்பது ஒரு பலவீனம்; அவரும் இடமாற்றத்துக்கு உட்பட்டவர்தான்.

குழுவுக்கும் கிளினிக்குக்கும் இப்போது நடக்கும் விவாதம் கடைகளில் தங்கி வேலை செய்யும் இளைஞர்களைப் பற்றியது. புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் வேலை செய்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேராக ஒரே அறையில் படுப்பவர்கள். இவர்களில் ஒருவருக்கு நாள்பட்ட இருமல் வந்து, காச நோய் என்று தெரிய நிறைய நாள் எடுத்தது. ஆறு மாத மருந்து. பார்த்துக்கொள்ளக் குடும்பம் இல்லை. கடை முதலாளி ஊருக்கு அனுப்பப் பார்த்தார். குழுவில் ஒருவர் தினமும் அவர் மருந்து குடிப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்.

இவர்களையும் பிரதேசப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்கிறது குழு. அலுவலகத்தில் தயக்கம். சேர்த்தால் மொத்த ஆள்தொகை கூடும், ஆனால் கிளினிக்குக்கு வருபவர் அதே அளவு கூட மாட்டார். காலாண்டு அறிக்கையில் பிரிவின் சதவீதம் இறங்கும், மேலிடத்தில் கேள்வி வரும். குழு எழுதிக் கொடுத்த கடிதத்தில், அப்படியானால் இவர்களுக்குத் தனிப் பதிவேடு ஒன்று திறக்கலாம் என்று கேட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்குக் கடை முதலாளிகள் சங்கத்திலிருந்தும் ஒருவரை அழைத்திருக்கிறார்கள். நேரம் இரவு எட்டரை, கடை பூட்டிய பிறகு.